காயில்ஓவருக்கு பெர்சனல் லோனா? முதல்ல அலைன்மென்ட் பிரிண்ட்அவுட்டைப் பாருங்க

போன வாரம் வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டுல டீ குடிச்சிட்டு நின்னப்போ, நம்ம வீடியோ பார்க்கிற ஒரு தம்பி வந்து பேசினார். கைக்கு வர்ற சம்பளம் 48,000. செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கார், அதுக்கே மாசம் 11,000 இஎம்ஐ. இப்ப காயில்ஓவர் மாட்டணுமாம். "அண்ணா, ஒன்றரை லட்சம் பெர்சனல் லோன் பேங்க்லயே ஆஃபர் வந்திருக்கு. எடுக்கலாமா?"

எடுக்காதீங்கன்னு சொன்னேன். ஏன்னு இந்தப் பதிவுல முழுசா சொல்றேன். கார் ஆசையே தப்புன்னு சொல்ற ஆள் நான் இல்ல. நானே இந்தத் தப்பைப் பண்ணினவன்.

முதல்ல வட்டிக் கணக்கு

1,50,000 ரூபாய், 14% வட்டி, 36 மாசம்னு வச்சுக்கங்க. மாசம் சுமார் 5,127 ரூபாய். மொத்தமா கட்டுறது 1,84,500 ரூபாய்க்கு மேல. அதே 5,127 ரூபாயை 7% வட்டியில ஆர்.டி. போட்டா மூணு வருஷத்துல 2 லட்சத்தைத் தாண்டும். ஆனா இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். யாரும் கணக்குல சேர்க்காத செலவு, காரை இறக்கினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

என் கதை

சில வருஷத்துக்கு முன்னாடி நானும் கடன் வாங்கித்தான் மாட்டினேன். மாட்டின கடையில அலைன்மென்ட் பார்க்கல. "நேராத்தானே ஓடுது"ன்னு நானும் விட்டுட்டேன். 8,000 கிலோமீட்டர்ல முன் டயர் ரெண்டும் காலி. வெளியே இருந்து பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. உள்பக்க ஓரத்துல கம்பி தெரிஞ்சுது. அந்த டயரோட நாலுவழிச் சாலையில நாங்குநேரி வரைக்கும் 100-ல போயிட்டு வந்திருக்கேன், பக்கத்து சீட்ல அம்மா. இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

காரணம் சிம்பிள். காரை இறக்கும்போது சஸ்பென்ஷன் கைகளோட கோணம் மாறும். அதனால சக்கரத்தோட கோணமும் மாறும். இதுல ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும்.

கேம்பர்: முன்னாடி நின்னு பார்த்தா சக்கரத்தோட தலை உள்பக்கம் சாய்ஞ்சிருந்தா நெகட்டிவ் கேம்பர். வளைவுல பிடிமானம் கூடும். நேர் ரோட்டுல உள் ஓரம் தேயும்.

டோ: மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளே திரும்பியிருக்கா, வெளியே திரும்பியிருக்கா என்பது. டயரைத் தின்கிற முக்கியக் குற்றவாளி இதுதான். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தாலே, கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டுல இழுபடும். 10,000 கிலோமீட்டர் ஓடினா 44 கிலோமீட்டர்! வண்ணார்பேட்டையில இருந்து அம்பாசமுத்திரத்தைத் தாண்டியும் டயரைத் தரையில தேய்ச்சுக்கிட்டே போன மாதிரி.

சரி, காயில்ஓவர்னா என்ன?

ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே யூனிட்டா, மரை போட்ட பாடியோட வரும். வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். போலோ மாதிரி கார்ல முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் டார்ஷன் பீம். அதனால பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. 'நாலு காயில்ஓவர்'னு விளம்பரத்துல போட்டிருந்தாலும் உங்க கார்ல உண்மையான காயில்ஓவர் முன்னாடி ரெண்டுதான். இன்னொண்ணு, இந்த அமைப்புல அலைன்மென்ட் மெஷின்ல சுலபமா திருத்த முடியுறது முன் டோ மட்டும்தான். கேம்பரைத் திருத்தணும்னா கேம்பர் பிளேட் தனியா வாங்கணும். அது அடுத்த செலவு.

அது பரவாயில்ல, வெறும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டுக்கிறேன்னு சிலர் கிளம்புவாங்க. பழைய ஷாக்குக்குக் கட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை அடக்கத் தெம்பு இருக்காது. கார் குதிக்கும், பம்ப் ஸ்டாப்புல இடிக்கும், ஷாக்கும் சீக்கிரம் எண்ணெய் கக்கும். நான் வழக்கமா போற மெக்கானிக் அண்ணாச்சி ஒரே வரியில சொன்னார்: "தம்பி, காரைக் குனிய வச்சிரலாம். நம்ம ஊர் வேகத்தடையைக் குனிய வைக்க முடியுமா?"

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தோட ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ரெண்டும்னு வச்சிருக்காங்க. நாளைக்கே உங்களைப் பிடிப்பாங்கன்னு பயமுறுத்த வரல. ஆனா விபத்து நடந்து சர்வேயர் வந்து பார்க்கும்போது, சொல்லாம மாட்டின பார்ட்ஸ் உங்க க்ளெய்முக்கு எதிரா நிக்கலாம். ஒன்றரை லட்சம் பொருளுக்காக பல லட்ச ரூபாய் பாதுகாப்பைப் பணயம் வைக்கணுமா? மாட்டுறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க, பதிலையும் எழுத்துல வாங்குங்க.

அப்ப யார் வாங்கலாம்?

கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லேன்னா சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக், இங்கெல்லாம் வருஷத்துக்கு நாலு தடவையாவது போறவர் தாராளமா வாங்கலாம். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கணும், கையில ரொக்கம் இருக்கணும். இந்த மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் வேண்டாம். அந்தக் கோவை டிராக்குக்கு யார் பேரு தெரியுமா? மாருதி 800 எஞ்சினை வச்சே ஃபார்முலா மாருதி ரேஸ் காரை உருவாக்கின கரிவரதன் பேரு. கையில இருக்கிறதை வச்சு வேகம் காட்டினதுதான் நம்ம ஊர் ரேஸ் வரலாறு.

வாங்குறவங்க இதைப் பாருங்க. ஷாக்கைத் திரும்ப ரீபில்ட் பண்ண இந்தியாவுல ஆள் இருக்கா? ஸ்பிரிங் எவ்வளவு விறைப்புன்னு எண்ணுல சொல்றாங்களா? ஸ்பிரிங்கை அழுத்தாம, அடிப்பாகத்தைத் திருகியே உயரத்தை மாத்த முடியுதா? தூசி உள்ள போகாம பூட் இருக்கா? பழைய செட்டைத் தூக்கிப் போடாதீங்க, காரை விக்கும்போது அதுதான் உங்க விலையைக் காப்பாத்தும்.

மாட்டினதும் ஒரு தடவை அலைன்மென்ட். ஸ்பிரிங் செட்டில் ஆனதும், சுமார் 500 கிலோமீட்டர்ல இன்னொரு தடவை. அப்புறம் எப்ப உயரத்தை மாத்தினாலும் மறுபடியும்.

மத்தவங்க என்ன செய்யணும்?

ஒரு சனிக்கிழமை காலையில டயர்ல சரியா காத்தடிச்சுட்டு அலைன்மென்ட் கடைக்குப் போங்க. 'முன்', 'பின்' ரெண்டு ரீடிங்கும் இருக்கிற பிரிண்ட்அவுட்டைக் கேட்டு வாங்குங்க. தர மாட்டேன்னா வேற கடை. அப்படியே புஷ், பால் ஜாயின்ட், ஷாக் கசிவு எல்லாத்தையும் பார்க்கச் சொல்லுங்க. தேய்ஞ்சதை கம்பெனி பார்ட்டாவே மாத்துங்க. மிச்சக் காசுல நல்ல டயர் போடுங்க. ரோட்டைத் தொடுறது அது ஒண்ணுதான்.

அந்தத் தம்பி நேத்து பிரிண்ட்அவுட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். முன் டோ கன்னாபின்னான்னு விலகியிருந்திருக்கு, கூடவே ரெண்டு புஷ் போயிருக்கு. "அண்ணா, சரி பண்ணினதும் கார் புதுசு மாதிரி வளையுது"ன்னு எழுதியிருந்தார். லோன் ஆஃபரைப் பத்திப் பேச்சே இல்ல.

உங்க கார்ல கடைசியா அலைன்மென்ட் எப்ப பார்த்தீங்க? தேதி ஞாபகம் இல்லைன்னா, இந்த மாசச் சம்பளத்துல முதல் கார் செலவு அதுவா இருக்கட்டும்.