பூனை வீட்டில்! இளைப்பு பள்ளிக்கூடத்தில்!

"பையனுக்கு இளைப்பா? ஏற்காட்டில் கொண்டு போய் ஹாஸ்டலில் சேர்த்து விடுங்க. மலைக்காற்று பட்டால் எல்லாம் பறந்து போகும்!"

சேலம் பஸ் ஸ்டாண்டில் இப்படி யோசனை சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. 1894-ல் சேக்ரட் ஹார்ட், 1917-ல் மான்ட்போர்ட் என்று அது பள்ளிக்கூட மலையாகவே வளர்ந்த மலை. அதனால் சொல்கிறார்கள்.

மலையில் லாரிப் புகை குறைவு. வாஸ்தவம்தான். ஆனால் ஆஸ்துமாவுக்கு எதிரி புகை மட்டுமா?

ஏற்காடு ஏறக்குறைய 5 ஆயிரம் அடி உயரம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்காரும். துணி காயாது. ஈர மெத்தையில் தூசிப் பூச்சி பெருகும். சுவரில் பூஞ்சை பிடிக்கும். இளைப்புக்காரப் பிள்ளைக்கு இரண்டும் ஆகாது.

இன்னொரு ஆசாமியும் உண்டு. பூனையார்!

பூனையைத் தொட்டால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். தப்பு. கெடுதல் செய்வது முடிகூட இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். பூனை உடம்பை நக்குகிறது. எச்சில் காய்ந்து நுண்ணிய தூளாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கிறது. வீட்டில் பூனையைக் கொஞ்சிய பையனின் ஸ்வெட்டரில் ஏறிக்கொண்டு வகுப்புக்கு வருகிறது. மூச்சு திணறுவது பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு!

ஸ்வீடனில் இதைக் கணக்கெடுத்தே பார்த்தார்கள். பூனை அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ள பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. வகுப்பில் 100-க்கு 18 பேருக்கு மேல் பூனை வளர்த்தால், அந்தப் பிள்ளைகளுக்கு இளைப்பு முற்றும் ஆபத்து 9 மடங்கு! 2001-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. அதுவும் ஸ்வெட்டர் போடுகிற ஊர்தான்.

பள்ளி வளாகங்களில் இருந்து தெருநாய்களை அகற்றும்படி 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. கடிக்கு வேலி போடலாம். சட்டையில் ஏறி வருவதற்கு எங்கே வேலி போடுவது?

அதற்காக சமையல்கட்டுப் பூனையைக் கம்பெடுத்துத் துரத்த வேண்டாம். பூனை போன பிறகும் அதன் தூள் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஸ்வெட்டரை அடிக்கடி துவைக்கட்டும். வெயில் அடிக்கிற நாளில் கம்பளியையும் மெத்தையையும் வெளியே போடட்டும். செலவு சோப்புக் காசுதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சீட் கிடைக்காதோ என்று பயந்து வீசிங் இருப்பதை மறைக்கிறீர்களே, நியாயமா? "இன்ஹேலர் பழகிப் போகும்" என்று பயப்படுகிறவர்கள் வேறு! அது போதை வஸ்து இல்லை. மருந்து நேராக நெஞ்சுக்குள் போகிறது. அளவும் மாத்திரையைவிடக் குறைவு.

பள்ளிக்கூடங்கள் செய்ய வேண்டியது இதுதான்: விவரம் தெரிந்த பிள்ளையிடம் இன்ஹேலரைக் கொடுத்து வையுங்கள். சின்னப் பிள்ளை என்றால் ஹாஸ்டல் வார்டன் கையில் இருக்கட்டும். அவருக்கு அடிக்கத் தெரிந்திருக்கட்டும்.

ராத்திரி 2 மணி. மூடுபனி. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இன்ஹேலர் ஆபீஸ் பீரோவுக்குள் இருக்கிறது.

சாவி யாரிடம்?