லாகின் திரை தமிழ் பேசட்டும், பாஸ்வேர்டு பேச வேண்டாம்

கம்ப்யூட்டர்ல தமிழ்னு பேச்சு எடுத்தா நாம எல்லாரும் டைப்பிங், பிரவுசர், ஏஐ பத்தித்தான் பேசுறோம். அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு திரை வருது. பேரும் பாஸ்வேர்டும் கேட்கிற திரை. லேபுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் முதல்ல பார்க்கிறது அதைத்தான். அது ஏன் இன்னும் இங்கிலீஷ்லயே இருக்கு? நம்ம லினக்ஸ் லேப்ல அதைத் தமிழாக்குறது ஒரு மத்தியான வேலை. செய்யணும்ங்கிறதுதான் என் கட்சி. ஆனா ஒரே ஒரு இடத்துல மட்டும் தமிழை உள்ளே விடக் கூடாது. அது பாஸ்வேர்டு பெட்டி. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காததாலதான், முயற்சி பண்ற பலரும் பாதியில விட்டுட்டு "தமிழ் வச்சாலே பிரச்சனைப்பா"ன்னு பழையபடி மாத்திடுறாங்க.

யாருக்காக இதுன்னு கேட்பீங்க. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்த ஒருத்தர் முதல் வருஷம், முதல் லேப்ல உட்கார்றார். பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிட்டார். திரையில ஏதோ "ஆதென்டிகேஷன்"னு வருது. சிஸ்டத்தையே கெடுத்துட்டோமோன்னு பயந்து பக்கத்துல இருக்கிறவரைப் பார்க்கிறார். கடவுச்சொல் தப்புன்னு தமிழ்ல சொல்லியிருந்தா மறுபடி அடிச்சிட்டுப் போயிருப்பார். "இங்கிலீஷ் கத்துக்கத்தானே காலேஜுக்கு வந்தோம்"னு சிலர் சொல்லுவாங்க. கத்துக்கலாம், நாலு வருஷம் இருக்கு. அதுக்கான இடம் வாசற்படி இல்லை.

இதுக்கான அடிப்படை வேலை எங்கேயோ வெளிநாட்டுல நடந்ததுன்னு நினைக்காதீங்க. கேளம்பாக்கத்துல பஸ் ஏறி ஓ.எம்.ஆர்.ல வடக்கே போனா தரமணி. அங்கே இருக்கிற சி-டாக் சென்னை மையம்தான் டெபியனை அடிப்படையா வச்சு பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007ல வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகள்ல கம்ப்யூட்டர் இயங்கணும்ங்கிறது அதோட நோக்கங்கள்ல ஒண்ணு. 2011ல தொடங்கின தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டத்துல, பல மெஷின்கள்ல விண்டோஸோட பாஸும் சேர்ந்தே வந்தது. நம்ம அண்ணன், அக்காங்க கிட்ட கேட்டுப் பாருங்க. அதுல எத்தனை பேர் பாஸ் பக்கம் போய்ப் பார்த்தாங்க, எத்தனை பேர் முதல் வாரத்துலயே அழிச்சாங்கன்னு. கையில கொடுத்ததோட நின்னுடுச்சு. அதைத் தனக்கு ஏத்த மாதிரி அமைச்சுக்க யாரும் உட்கார்ந்து சொல்லித் தரலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். லாகின் திரையைக் காட்டுறது டிஸ்ப்ளே மேனேஜர்ங்கிற தனி புரோகிராம். உபுண்டு 11.10ல லைட்டிடிஎம் வந்தது, 17.10ல திரும்ப ஜிடிஎம்முக்கே போனாங்க. லினக்ஸ் மின்ட்ல லைட்டிடிஎம், கேடிஈ வச்சிருந்தா பெரும்பாலும் எஸ்டிடிஎம். உங்க மெஷின்ல எது ஓடுதுன்னு முதல்ல பாருங்க. ஒண்ணுக்கான செட்டிங்கை இன்னொண்ணுக்குப் போட்டுட்டு "வேலை செய்யலை"ன்னு சொல்றதுல அர்த்தமில்லை.

மொழியை மாத்த, உங்க யூசர் கணக்குல தமிழ் தேர்ந்தெடுத்தா மட்டும் போதாது. லாகின் திரை வரும்போது நீங்க இன்னும் உள்ளேயே வரலை. அதனால அது உங்க விருப்பத்தைப் படிக்காது, மொத்த சிஸ்டத்துக்குமான மொழியைத்தான் படிக்கும். மாத்த வேண்டியது அதை. எழுத்துருவுக்கும் இதே கதைதான். அந்தத் திரை தனக்குன்னு ஒரு தனி யூசர் பேர்ல ஓடுது. உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள போட்ட தமிழ் ஃபான்ட் அதுக்குத் தெரியாது. லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ, சிஸ்டம் முழுக்க இன்ஸ்டால் பண்ணணும். இல்லைன்னா எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வரும். (வால்பேப்பர் மாத்தினேன், லாகின்ல கறுப்பாவே இருக்குன்னு புலம்புறவங்களுக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்.) இன்னொரு சந்தோஷமான விஷயம்: யூசர்நேம் இங்கிலீஷ் எழுத்துலதான் இருக்கணும், ஆனா "முழுப் பெயர்"னு இருக்கிற இடத்துல தமிழ் எழுதலாம். திரையில தெரியறது அந்தப் பேர்தான்.

இப்போ பாஸ்வேர்டு. தமிழ்99 கீபோர்டை முதலாவதா வச்சுட்டா, நீங்க பழக்கத்துல அடிக்கிற இங்கிலீஷ் பாஸ்வேர்டு உள்ளே தமிழ் எழுத்தா போகும். திரையில தெரியறது வெறும் புள்ளிகள், அதனால ஒண்ணும் புரியாது. வரிசையில இங்கிலீஷை முதல்லயும் தமிழை ரெண்டாவதாவும் வச்சா இது தீர்ந்தது.

"பாஸ்வேர்டையே தமிழ்ல வச்சா என்ன?"ன்னு கேட்கிற ஆர்வக்கோளாறுகளுக்கு நம்ம ஊர் பேரையே எடுத்துக்கலாம். "கோவளம்"ல முதல் எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ககரமும் ஓகாரக் குறியும்னு ரெண்டு குறியீடா எழுதலாம். இல்லைன்னா ககரம், ஏகாரக் குறி, அப்புறம் துணைக்கால்னு மூணா எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யூடிஎஃப்-8ல முதலாவது 18 பைட், ரெண்டாவது 21 பைட். லினக்ஸ் பாஸ்வேர்டைச் சரிபார்க்கிறப்போ ரெண்டையும் ஒண்ணாக்கிப் பார்க்காது, வந்த பைட்டை அப்படியே ஹாஷ் பண்ணும். ஒரு கீபோர்டுல வச்ச பாஸ்வேர்டை இன்னொரு கீபோர்டுல சரியாவே அடிச்சாலும் கதவு திறக்காமப் போகலாம். போதாததுக்கு, கிராஃபிக்கல் திரை ஒருநாள் வராமப் போனா கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் திரைக்குத்தான் போவீங்க. அங்கே தமிழ் எழுத்தே ஒழுங்கா வராது. அந்த நேரத்துல உங்களைக் காப்பாத்துறது இங்கிலீஷ் எழுத்துல இருக்கிற பாஸ்வேர்டு மட்டும்தான். இது தமிழோட குறை இல்லை, அந்த வாசலைக் கட்டினவங்க நம்மளை நினைச்சுக் கட்டலை, அவ்வளவுதான்.

லேப் பொறுப்புல இருக்கிறவங்க பக்கத்துலயிருந்து வர்ற ஒரு பதிலும் எனக்குத் தெரியும். "எதுக்கு இவ்வளவு? ஆட்டோ லாகின் போட்டுட்டா மொழிப் பிரச்சனையே இல்லையே." பல லேப்கள்ல அப்படித்தான் ஓடுது. எல்லாருக்கும் ஒரே கணக்கு, ஆன் பண்ணதும் நேரா டெஸ்க்டாப். அதோட விலை என்னன்னா, முந்தின பேட்ச்ல ஒருத்தர் லாக்அவுட் பண்ணாம விட்ட மெயில் அடுத்து உட்கார்றவர் கையில. யாரோட ரெக்கார்ட் புரோகிராமை யார் அழிச்சாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. கேள்வி கேட்கிற திரை கஷ்டமா இருக்குன்னு கேள்வியையே எடுத்துடறது தீர்வாகாது.

அதனால ரெண்டே கோரிக்கை. அடுத்த செமஸ்டருக்கு லேப் சிஸ்டம்களை மறுபடி இன்ஸ்டால் பண்றப்போ சிஸ்டம் மொழியைத் தமிழாவும் கீபோர்டுல முதல் இடத்தை இங்கிலீஷாவும் வைங்க, ஆட்டோ லாகினை எடுத்துடுங்க. முதல்ல ஒரே ஒரு மெஷின்ல, கடைசி வரிசையில இருக்கிறதுல போட்டுப் பார்க்கலாம். நீங்க சொந்த லேப்டாப்ல முயற்சி பண்றதா இருந்தா, செட்டிங் ஃபைலைக் காப்பி எடுத்து வச்சுட்டு, அந்த எஃப்3 திரைக்கு ஒருதடவை போய் லாகின் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் கை வைங்க.