பெரிய பெயர் மட்டும் போதுமா?



ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் கைப்பேசியில் விபிஎன் போட்டுத் தருகிறேன் என்கிறான் மகன். பேர் தெரியாத கம்பெனி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். இது உலகமே அறிந்த பெரிய நிறுவனத்தின் சேவையாம். நம்பிப் போடலாமா?" நம்மில் பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. அதனால் இந்த மாதப் பக்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன்.

மலேசியர்கள் விபிஎன் தேடிப் போனதற்கு நியாயமான காரணம் உண்டு. 1எம்டிபி அரசு முதலீட்டு நிதி முறைகேட்டு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த 2015 ஜூலையில் அதை அம்பலப்படுத்திய சரவாக் ரிப்போர்ட் செய்தித் தளம் முடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மீடியம் தளமும் மலேசியன் இன்சைடரும் அதே வரிசையில் சேர்ந்தன. செய்தி படிப்பதற்கே மாற்றுவழி தேவைப்பட்ட காலம் அது. 2018 தேர்தலுக்குப் பிறகுதான் சரவாக் ரிப்போர்ட் திறந்தது. பிறகு 2024 செப்டம்பரில், கூகிள், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிநாட்டு டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியாக மாற்றித் தரும்) சேவைகளுக்குப் போகும் கோரிக்கைகளை உள்நாட்டு சர்வர்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சூதாட்டம், ஆபாசம் போன்றவற்றைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று விளக்கம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அதை நிறுத்திவைக்கும்படி தகவல் தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் சில நாள்களிலேயே சொல்லிவிட்டார். அந்த எதிர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நாள்களில் கையில் கிடைத்த இலவச விபிஎன்னை எல்லாம் இறக்கிக்கொண்டவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

விபிஎன் செய்யும் வேலை இதுதான். உங்கள் கைப்பேசியிலிருந்து கிளம்பும் தகவல் எல்லாவற்றையும் பூட்டி, முதலில் தன் சர்வருக்கு எடுத்துப்போய், அங்கிருந்து வெளியே அனுப்புகிறது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. விபிஎன் நடத்துகிறவருக்குத் தெரியும். தபால்காரர் பார்க்கக்கூடாது என்று கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புவது போலத்தான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விபிஎன் செயலியை முதன்முதலில் இயக்கும்போது ஒரு சிறு பெட்டி வரும். இந்தச் செயலியால் உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பிக்கை இருந்தால் மட்டும் சம்மதியுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். நாம் படிக்காமலே சரி என்று அழுத்துகிறோம். மேலே ஒரு சின்னச் சாவிப் படம் வந்துவிடும்.

பெரிய நிறுவனம் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு என்ன செய்தது என்பதற்கு ஒனாவோவின் கதை இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த இந்நிறுவனத்தை 2013 அக்டோபரில் ஃபேஸ்புக் வாங்கியது. 'ஒனாவோ புரொடெக்ட்' உங்கள் தகவலைப் பாதுகாக்கும் இலவச விபிஎன் என்று விளம்பரம் செய்தார்கள். உள்ளே நடந்தது வேறு. மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்தப் போட்டியாளர் வளர்கிறார் என்பதை அதை வைத்து எடைபோட்டார்கள். 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில், வாட்ஸ்ஆப் பற்றிய ஒனாவோ கணக்குகளும் இருந்தன. 2014இல் அந்த வாட்ஸ்ஆப்பைத்தான் ஃபேஸ்புக் வாங்கியிருந்தது! தன் விதிகளுக்கு மாறானது என்று ஆப்பிள் சொன்னதால் 2018 ஆகஸ்ட்டில் ஒனாவோ அதன் ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேறியது. மறு ஆண்டு மூடப்பட்டது. தகவல் எதற்குப் பயன்படும் என்பதைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்ற வழக்கில், 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

எல்லாப் பெரிய நிறுவனமும் இப்படித்தான் என்று சொன்னால் அது நேர்மையாகாது. கூகிள் ஒன் விபிஎன், பயனர் யார் என்று சரிபார்ப்பதையும் அவர் எங்கே போகிறார் என்பதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. வெளியாரைக் கொண்டு சோதனையும் செய்தது. தொழில்நுட்ப அளவில் அது நல்ல வேலை. இருந்தும் போதிய பேர் பயன்படுத்தவில்லை என்று 2024இல் அதை மூடிவிட்டார்கள்.

ஆகவே கம்பெனியின் அளவைப் பார்க்காதீர்கள், அதற்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் நடமாட்டத்தை விளம்பரமாக்கிச் சம்பாதிக்கும் நிறுவனம் அந்த நடமாட்டத்தை மறைக்க இலவசமாக உதவுகிறது என்றால், அதை நான் நம்பமாட்டேன். எந்த நாட்டுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் முக்கியம். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று இந்தியா 2022இல் விதி கொண்டுவந்தபோது, எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை அங்கிருந்து தங்கள் சர்வர்களையே எடுத்துவிட்டன. செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள், உண்மையிலேயே மறைவு தேவைப்படுகிறவர்கள் கட்டணம் வாங்கும், வெளியார் தணிக்கைக்கு உட்பட்ட சேவையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடைக்கார நண்பருக்கு நேரடியாகச் சொல்கிறேன்: வங்கிக் கணக்கின் பாதுகாப்புக்காகத்தான் யோசிக்கிறீர்கள் என்றால், விபிஎன் தேவையில்லை. வங்கித் தளங்களும் செயலிகளும் ஏற்கெனவே பூட்டிய இணைப்பில்தான் இயங்குகின்றன. இன்று திருடன் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்ஆப்பில் ஏபிகே கோப்பாக (செயலியை நிறுவும் கோப்பு) வருகிறான். அதைத் திறந்துவிட்டால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள்.

இளையவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் கைப்பேசியை வாங்கி, செட்டிங்ஸில் விபிஎன் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஏன் போட்டோம் என்று அவர்களுக்கே தெரியாத இலவசச் செயலி எதுவும் இருந்தால், அவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்