தாழும் கொடியும் நிலைக்கும் கல்லும்

படைவீரர் ஒருவர் எல்லையில் மாண்டார் என்ற செய்தி வந்ததும், ஊர்ப் பள்ளியின் கொடியை அரைக்கம்பத்திற்கு இறக்குதல் வேண்டும் என்று கருதுவோர் நம்மிடையே பலர். அன்பினால் எழும் கருத்து அது. ஆயினும் கொடியின் முறைமை வேறு. அம்முறைமையில் வீரனுக்கு யாதோர் இழிவும் இல்லை.

2002ஆம் ஆண்டு சனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் கொடி நெறிமுறை இதனை வரையறுத்துள்ளது. குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் மறைந்தால் நாடெங்கும் கொடி தாழும். ஆளுநரோ முதலமைச்சரோ மறைந்தால் அம்மாநிலமெங்கும் தாழும். அப்பட்டியலில் இடம்பெறாதார்க்கு அரசின் தனி ஆணை வேண்டும். தாழ்த்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கொடியை உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, அதன் பின்னரே பாதிக்கு இறக்குதல் வேண்டும். மாலையில் முற்றும் இறக்குமுன் மீண்டும் உச்சிக்கு ஏற்றுதல் வேண்டும். (இவ்விரண்டாம் ஏற்றம் மறக்கப்படுவதை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம்.) விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் கொடி தாழ்வதில்லை, மறைந்தவர் உடல் கிடத்தப்பட்ட கட்டடத்தில் மட்டும், உடல் எடுக்கப்படும் வரை தாழ்ந்திருக்கும். அமெரிக்காவில், மே மாத இறுதியில் வரும் போர்வீரர் நினைவு நாளில் நண்பகல் வரை தாழ்ந்திருக்கும் கொடி, நண்பகலில் உச்சிக்கு ஏறிவிடுகிறது.

படைவீரனுக்கு நம் நெறிமுறை தரும் சிறப்பு வேறொன்று. கம்பத்துக் கொடி தாழ்வதற்கு மாறாகக் கொடியே அவனிடம் வந்து, அவன் பேழையைப் போர்த்துகிறது. காவி நிறம் தலைப்பக்கம் அமைகிறது. அக்கொடி குழியில் இறங்குவதுமில்லை, சிதையில் எரிவதுமில்லை. அடக்கம் செய்வோர்க்கும் எரியூட்டுவோர்க்கும் விதி ஒன்றே. மடிக்கப்பட்ட கொடி குடும்பத்தார் கையை அடைகிறது. 2020 சூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட 20 வீரருள் ஒருவரான, இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் அவில்தார் பழனிக்குக் கிடைத்ததும் இச்சிறப்பே. அரைக்கம்பம் பதவிக்கு உரியது. போர்த்தும் கொடி ஈந்த உயிருக்கு உரியது. இரண்டில் எது பெரிது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

நம் கவலையெல்லாம் அதற்குப் பின் வரும் நாள்களைப் பற்றியது. துப்பாக்கி முழக்கம் அடங்கி, வந்த ஊர்திகள் திரும்பியபின், ஓராண்டுக்குள் அவ்வீரன் பெயர் அவன் வீட்டார்க்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. பண்டைத் தமிழர் இதனை அறிந்திருந்தனர் போலும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என வீரனுக்குக் கல் நாட்டும் நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்துகிறது. கல்லைத் தேர்வதே ஒரு சடங்கு! 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் மாண்டவன் ஒருவனின் பெயரைச் சொல்கிறது. அவன் மன்னன் அல்லன். அவன் பெயரை இன்று நாம் படிக்கிறோம்.

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். வல்வில் ஓரி, காரியொடு பொருது களத்தில் வீழ்ந்தவன். அதன்பின் மலை சேரர் வசமாயிற்று. தோற்று மாண்ட அவ்வள்ளலுக்குச் செம்மேட்டில் சிலை நிற்கிறது. ஆடித் திங்களில் ஆண்டுதோறும் அரசு விழா நடைபெறுகிறது. வென்றவனுக்கு அங்கே விழா இல்லை என்பதையும் நோக்குக. சங்க காலத்தில் வீழ்ந்த ஒருவனைப் பெயர் சொல்லி நினைக்கும் மலையில், வாசலூர்பட்டியின் பிள்ளையொருவன் நாளை படையில் சேர்ந்து, 70 கொண்டையூசி வளைவுகளின் வழியே கொடி போர்த்த பேழையில் வருவானாயின், அவனுக்கும் ஒரு கல் வேண்டாவா?

தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நன்று. ஆனால் கொல்லிமலைத் தாயொருத்தி அங்குச் சென்று தன் மகன் பெயரைத் தொட்டுப் பார்ப்பது எந்நாள்? ஒவ்வோர் ஊரின் ஊராட்சியும், தன் வீரனுக்குப் பள்ளி வாயிலில் ஒரு கல் நாட்டலாம். திசம்பர் 7 கொடி நாளன்று உண்டியலில் காசு இடும் மாணவர், அக்கல்லின் முன் நின்று பெயரை உரக்கப் படிக்கலாம். ஓரி விழா மேடையிலும் அப்பெயர்கள் ஒலிக்கலாம். கல்லில் பொறிக்க வேண்டியவை பெயர், படைப்பிரிவு, வீழ்ந்த இடம், நாள் ஆகிய நான்கே. கல்லை நிறுவியவர், திறந்து வைத்தவர் பெயர்கள் வேண்டா.