சர்வரை நிறுத்திப் பார்க்கும் துணிச்சல் வேண்டும்

கேலாங் சாலையில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே வாகனங்கள் எல்லாம் நகர மையத்தை நோக்கியே ஓடும். கிழக்கே பாய லேபார் பக்கம் போக வேண்டுமென்றால் ஒரு லோரோங் வழியாக நடந்து சிம்ஸ் அவென்யூவுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒருவழிச் சாலைகள். ஒன்று போவதற்கு, மற்றொன்று வருவதற்கு. லோரோங்குகளும் அப்படித்தான்: ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம். ஒரே சாலையில் முட்டிக்கொண்டிருக்கக்கூடிய நெரிசலை இரண்டாகப் பிரித்துவிட்ட ஏற்பாடு இது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் உடைந்து சிம்ஸ் அவென்யூவை மூட வேண்டி வந்தால், கேலாங் சாலை அதன் வேலையைச் செய்யுமா? செய்யாது. திசையே வேறு. சுமையைப் பகிர்ந்துகொள்வது ஒன்று; பக்கத்தில் இருப்பது விழுந்தால் அதன் சுமையையும் தூக்கிக்கொள்வது வேறொன்று. கணினித் துறையில் படிக்கும் நம் மாணவர்கள் பலர் முதலாவதைச் செய்துவிட்டு, இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

லோட் பேலன்சர் என்பது என்ன?

ஓர் இணையத்தளத்துக்கு ஒரே நேரத்தில் பலர் வந்தால் ஒரு சர்வர் தாங்காது. இரண்டு மூன்று சர்வர்களை வைத்து, அவற்றின் முன்னால் ஒரு வாயிற்காப்பாளரை நிறுத்துகிறோம். அதுதான் லோட் பேலன்சர், தமிழில் சுமைப் பகிர்வி. வருபவர்கள் அனைவருக்கும் தெரிவது அதன் முகவரி மட்டுமே. உங்களை முதல் சர்வருக்கு, அடுத்தவரை இரண்டாவது சர்வருக்கு என்று வரிசையாக அனுப்பலாம். அல்லது எந்த சர்வரில் அப்போது கூட்டம் குறைவோ அங்கே அனுப்பலாம்.

இதை நிறுவப் பெரிய செலவு இல்லை. 2000களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் ஹெச்ஏபிராக்ஸி, 2004ல் வெளிவந்த எஞ்சின்எக்ஸ் ஆகிய இரண்டும் இலவச மென்பொருள்கள். உலகின் பெரிய இணையத்தளங்கள் பலவும் நம்பியிருப்பவை. உபுண்டு போட்ட பழைய மடிக்கணினியில் ஒரே கட்டளையில் ஹெச்ஏபிராக்ஸியை நிறுவிவிடலாம். அமைப்புக் கோப்பில் முக்கியமாக இரண்டு பகுதிகள். முன்பகுதி எந்த வாசலில் காத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. பின்பகுதி எந்தெந்த சர்வர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறது. இருபது வரிகூடத் தேவைப்படாது. ஒரு மாலை நேரம் போதும்.

அந்த மாலைக்குப் பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

எனக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், கேலாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் துணைப்பாட நிலையம் நடத்திய நண்பர் ஒருவருக்கு இணையவழிப் பதிவு ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தேன். இரண்டு சர்வர்கள், முன்னால் ஒரு லோட் பேலன்சர். கூட்டம் குறைவான சர்வருக்கே அடுத்தவரை அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். நியாயமான முறைதானே?

பதிவு தொடங்கிய காலையில் ஒரு சர்வருக்குத் தரவுத்தளத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. அந்த சர்வர் நிற்கவில்லை; ஓடிக்கொண்டுதான் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் “பிழை” என்ற ஒரு பக்கத்தை உடனுக்குடன் கொடுத்து அனுப்பிவிட்டது. ஒழுங்காக வேலை செய்த சர்வருக்கு ஒருவரைப் பதிவு செய்யச் சில வினாடிகள் பிடித்தன. கெட்டுப்போன சர்வருக்கோ ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ஆகவே அதில் எப்போதும் கூட்டமே இல்லை. லோட் பேலன்சர் என்ன செய்தது? “இங்கே இடம் காலி” என்று பெரும்பாலான பெற்றோரை அங்கேயே அனுப்பி வைத்தது. பத்து மணிக்குள் மாடிப்படியின் கீழே பெற்றோர் வரிசை. நண்பர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பெயர்களை எழுதினார்.

தவறு மென்பொருளில் இல்லை. என்னிடம்தான் இருந்தது. சோதிக்கும்படி அமைத்தால், ஹெச்ஏபிராக்ஸி ஒவ்வொரு சர்வரையும் இடைவிடாமல் சோதிக்கும். இடைவெளியைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் இரண்டு வினாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் அந்த சர்வரை ஒதுக்கிவிடும். பிறகு இரண்டு முறை சரியான பதில் வந்தால் மீண்டும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் எதைக் கேட்டுச் சோதிக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் “கதவு திறந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். உணவங்காடிக் கடையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதைப் போன்றது அது. விளக்கு எரிந்தது, சமைக்க ஆளில்லை. “தரவுத்தளத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டு” என்று கேட்கும் சோதனையை வைத்திருந்தால் ஆறேழு வினாடிகளில் சிக்கல் தீர்ந்திருக்கும்.

இதை நான் எப்போது கண்டுபிடித்திருக்க முடியும்? பதிவு நாளுக்கு முந்தைய இரவு, ஒரு சர்வரின் தரவுத்தளத் தொடர்பை நானே பிடுங்கிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். நான் பார்க்கவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தொட பயம்.

பெரியவர்களுக்கும் நடந்தது

சின்னத் துணைப்பாட நிலையத்தோடு இது முடிந்துவிடவில்லை. 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகலை நினைவிருக்கிறதா? டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் பலரால் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்த முடியவில்லை; ஏடிஎம்களிலும் சிக்கல். இரு வங்கிகளும் பயன்படுத்திய எக்குவினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பை மேம்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. அப்போது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒப்பந்ததாரர் தவறுதலாகச் சமிக்ஞை அனுப்பியதால் அறைகள் சூடேறின.

இதுவரை கதை சாதாரணமானது. இயந்திரம் கெடும்; மனிதர் தவறு செய்வார். அதற்காகத்தான் வங்கிகள் வேறோர் இடத்தில் மாற்றுத் தரவு நிலையம் வைத்திருக்கின்றன. அன்றும் இரு வங்கிகளும் உடனே மாற்று ஏற்பாட்டுக்குத் தாவ முயன்றன. ஆனால் முழுமையாக மீள முடியவில்லை. டிபிஎஸ் வங்கியின் கட்டமைப்பில் ஓர் அமைப்புப் பிழை. சிட்டிபேங்கில் இணைப்புச் சிக்கல். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் கூறப்பட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறவில்லை. இரு வங்கிகளின் மின்னிலக்கத் தளங்களுக்குள் நுழைய முயன்று தோற்ற முயற்சிகள் 810,000 வரை. சேவைகள் மறுநாள் அதிகாலையில்தான் முழுமையாகத் திரும்பின.

முக்கியக் கட்டமைப்புகள் எந்த 12 மாத காலத்திலும் மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் முடங்கக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. அந்த ஆண்டு டிபிஎஸ் பலமுறை தடங்கலைச் சந்தித்திருந்தது. நவம்பர் 1ஆம் தேதி முதல் ஆறு மாதங்களுக்கு, அத்தியாவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை நிறுத்தி வைக்கும்படி ஆணையம் அதற்கு உத்தரவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது குளிர்நீர் வால்வை அல்ல. பணம் இருந்தது, இரண்டாவது இடம் இருந்தது, திறமையான பொறியாளர்கள் இருந்தார்கள். இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குத் தாவும் அந்தப் பாதையில் ஒரு பிழை காத்திருந்தது. தினமும் நடக்காத பாதையில்தான் புல் முளைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

“என்னிடம் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன, கவலையில்லை” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டும் தலா 70 விழுக்காடு சுமையுடன் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றின் மேல் விழுவது 140 விழுக்காடு. அதுவும் விழும். ஆக, இரண்டு சர்வர்கள் வைத்ததால் விழக்கூடிய இடம் இரண்டாகியிருக்கிறதே தவிர, பாதுகாப்பு கூடவில்லை. இரண்டு சர்வர்கள் இருந்தால் ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே ஓட வேண்டும். மூன்று இருந்தால் தலா 60 விழுக்காடு வரை தாங்கலாம். ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தலா 90 விழுக்காட்டில் மூச்சு வாங்கியபடி நிற்கும். தொடக்கப்பள்ளிக் கணிதம்தான். ஆனால் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்த கேள்வி: வாயிற்காப்பாளரே மயங்கி விழுந்தால்? லோட் பேலன்சர் ஒன்றே ஒன்று என்றால், பின்னால் பத்து சர்வர்கள் இருந்தும் பயனில்லை. அதனால் அதையும் இரண்டாக வைத்து, ஒரே முகவரியை இருவரும் பகிர்ந்துகொள்ளும்படி அமைக்கிறார்கள். ஒருவர் பேச்சை நிறுத்தினால் மற்றவர் அந்த முகவரியை எடுத்துக்கொள்வார். கீப்அலைவ்டு என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. இரண்டையும் ஒரே மின்இணைப்பில் செருகியிருந்தால் அதுவும் வீண்.

சுமைப் பகிர்வி எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. 2023 நவம்பர் 1ஆம் தேதி காலை, பொது மருத்துவமனைகள் பலவற்றின் இணையத்தளங்கள் பல மணி நேரம் முடங்கின. வேண்டுமென்றே அனுப்பப்பட்ட போலிக் கூட்டம்தான் காரணம். அந்த வெள்ளம், முன்னால் இருந்த தடுப்புச் சேவையைத் தாண்டி வந்து, உள்ளே இருந்த தடுப்புச்சுவரைத் திணறடித்தது என்று கட்டமைப்பை நிர்வகிக்கும் சினாப்ஸ் நிறுவனம் விளக்கியது. நோயாளிகளின் பதிவுகளும் உள்கட்டமைப்பும் தொடர்ந்து இயங்கின. வாசல் அடைபட்டாலும் வீட்டுக்குள் வேலை நிற்காதபடி பிரித்து வைத்திருந்ததன் பலன் அது.

மேகக் கணினி இருக்கும்போது எதற்கு?

“இப்போதெல்லாம் மேகக் கணினிச் சேவையில் ஒரு பொத்தானை அழுத்தினால் லோட் பேலன்சர் வந்துவிடுகிறதே” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும், எத்தனை முறை தோற்றால் ஒதுக்க வேண்டும், எல்லா சர்வர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றனவா என்ற கேள்விகளை அந்தப் பொத்தான் உங்களுக்காகத் தீர்மானிக்காது. ஏதோ ஒரு பதிலை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும். அந்தப் பதில் உங்களுக்குப் பொருந்துமா என்று அறிய, அடியில் நடப்பது தெரிந்திருக்க வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப் படைப்புகளை நான் அவ்வப்போது பார்க்கிறேன். அழகான செயலி, தடையில்லாத செயல்விளக்கம், கைதட்டல். “இந்த சர்வரை இப்போது நிறுத்தட்டுமா?” என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. மாணவரை நான் குறை சொல்லமாட்டேன். விழாமல் ஓடியதற்குத்தான் நாம் மதிப்பெண் தருகிறோம். விழுந்து எழுந்ததற்குத் தருவதில்லை. அப்படியிருக்க, யார் வலியப் போய்த் தன் படைப்பை விழவைப்பார்கள்?

என் யோசனை எளிது. சர்வர் சம்பந்தப்பட்ட எந்தத் திட்டத்திலும் நூற்றுக்குப் பத்து மதிப்பெண்ணை இதற்கென்று ஒதுக்குங்கள்: செயல்விளக்கத்தின் நடுவே மதிப்பீட்டாளர் தாம் விரும்பும் ஓர் இயந்திரத்தை நிறுத்துவார். பயனாளருக்கு என்ன தெரிந்தது, மீள எத்தனை வினாடி ஆனது, மாணவர் அதை எப்படி விளக்கினார் என்று பார்க்க வேண்டும். முழுதும் விழுந்தாலும் பரவாயில்லை. ஏன் விழுந்தது என்று சொல்லத் தெரிந்தால் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

அதுவரை காத்திருக்காதீர்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கூட வீட்டுக் கணினியில் மூன்று மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கலாம். ஒன்றில் ஹெச்ஏபிராக்ஸி, மற்ற இரண்டிலும் தலா ஒரு சின்ன இணையத்தளம். ஒன்றுக்கு நீல நிறம், மற்றொன்றுக்குச் சிவப்பு. பக்கத்தைப் புதுப்பிக்கும்போது நிறம் மாறிமாறி வருவதைப் பாருங்கள். பிறகு சிவப்பை நிறுத்துங்கள். எத்தனை முறை பிழை வந்தது, எத்தனை வினாடிக்குப் பிறகு நீலம் மட்டும் வந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்து, சர்வரை ஓடவிட்டு அதன் தரவுத்தளத்தை மட்டும் நிறுத்துங்கள். அன்று என் நண்பரின் மாடிப்படியில் நின்ற பெற்றோரின் எரிச்சலை உங்கள் அறையிலேயே, யாருக்கும் தொல்லையில்லாமல் பார்த்துவிடலாம்.

வங்கி, மருத்துவமனை, பள்ளி, பேருந்து அட்டை என்று இந்த நகரத்தின் வாசல்கள் எல்லாம் இன்று சர்வர்களாகிவிட்டன. அவற்றைக் காக்கப் போகிறவர்கள் நீங்கள்தான். அது ஒருநாள் தானாக நிற்கும் முன், நீங்களே ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.