மூணு மாசம் இருந்தாலும் அவனும் நம்ம தெருக்காரன்தான்!

"வடக்கத்தியான் வேலையாத்தான் இருக்கும்!"

முதலியார்பேட்டையில் ஒரு சைக்கிள் காணாமல் போனாலும் சரி, தண்ணிக் குழாயின் பித்தளை மூடியை யாராவது கழற்றிக்கொண்டு போனாலும் சரி, டீக்கடை பெஞ்சில் முதலில் விழும் தீர்ப்பு இதுதான். ஆள் யார்? தெரியாது. பார்த்தவர் உண்டா? கிடையாது. ஒடிசாக்காரனா, பீகாரியா, வங்காளியா? அதெல்லாம் யாருக்கு வேணும்? எல்லாரும் ஒரே பேரில் "வடக்கத்தியான்" ஆகிவிட்டார்கள்.

கடலூர் ரோட்டில் ஏ.எப்.டி. ரயில்வே கேட் பக்கம் பஸ் நிற்கும்போது வாசகர்கள் ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பார்க்கட்டும். காலையில் டிபன் தூக்கோடு கும்பலாக நடந்து போகிறார்களே, சென்டரிங் ஆட்கள், டைல்ஸ் போடுகிறவர்கள், பெயிண்டர்கள், அவர்களைத்தான் சொல்கிறேன். இவர்களில் முக்கால்வாசிப் பேர் குடியேற வந்தவர்கள் இல்லை. போகிற வழியில் நின்றவர்கள். கேரளாவில் ஆறு மாசம், கோயம்புத்தூரில் நாலு மாசம், இங்கே ஒரு கட்டடம் முடியும் வரை. அப்புறம் பெங்களூரா, ஐதராபாத்தா? மேஸ்திரி சொன்னால்தான் தெரியும். வருஷக்கணக்காக இப்படியே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும் பயணம் இது.

அந்த மூணு நாலு மாசத்தில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?

பத்துக்குப் பத்து அறை. அதில் ஐந்து, ஆறு பேர். வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு! ரசீது கேட்டால் "இஷ்டம் இருந்தா இரு, இல்லாட்டி காலி பண்ணு" என்று பதில். ஆறு பேருக்கும் ஒரே கக்கூஸ், ஒரே குழாய். ஒருவன் சோறு வடிக்கும்போது இன்னொருவன் வாசலில் நின்று குளிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடையில் உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய், ஊருக்கு ஒரு போன். அவ்வளவுதான் பொழுதுபோக்கு.

வெள்ளைக்காரனுக்கு ஒரு நியாயமா?

இதே புதுச்சேரியில் ஒயிட் டவுன் பக்கம் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து முதுகில் மூட்டையோடு வந்தவர் மூணு மாசம் தங்கினால் "டூரிஸ்ட் சார்" என்று மரியாதை. வாடகைக்கு வீடு, வாடகைக்கு ஸ்கூட்டர், சிரித்த முகம். அவர் டூரிஸ்ட் விசாவில் இங்கே வேலை பார்க்கவே கூடாது. ஆனால் நம் நாட்டுக்காரன், வேலை பார்க்க முழு உரிமை உள்ளவன், அவனைப் பார்த்தால் மட்டும் நமக்குச் சந்தேகம்!

ஆமாம், உரிமைதான். அரசியல் சட்டம் 19வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம். ஊர் சுற்றுகிறவன் நடுவில் நின்று சம்பாதிப்பது தப்பே இல்லை. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. 18 முதல் 30 வயது வரை உள்ள இளைஞர்கள் ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம். 2024ல் இருந்து இந்தியருக்கும் வருஷத்துக்கு 1,000 பேர் என்று அதைத் திறந்துவிட்டார்கள். அங்கே நம்ம பையன் பழத்தோட்டத்தில் வேலை செய்தால் "வெளிநாட்டு அனுபவம்". இங்கே ஒடிசா பையன் மண் சுமந்தால் "வடக்கத்தியான்". நல்ல கணக்கு!

நாமும் போனவர்கள்தானே?

புதுச்சேரிக்காரர்கள் இதை மறக்கலாமா? பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்குக் கப்பல் ஏறி குமாஸ்தாவாகவும் காவலாளாகவும் வேலை பார்த்தவர்கள் யார்? ரீயூனியன் தீவுக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் யார்? "சொல்தா" என்று பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஊர் ஊராக அலைந்து, பென்ஷனோடு திரும்பியவர்கள் யார்? எல்லாம் நம்ம தாத்தாக்கள். அவர்களையும் அந்த ஊர்க்காரன் ஒரு அறையில் அடைத்து, ஒரே பேர் வைத்துத்தான் கூப்பிட்டிருப்பான்.

முதலியார்பேட்டையே ஆலைச் சங்குக்கு எழுந்து வளர்ந்த ஊர். ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொல்லும் ஏ.எப்.டி.க்கு சுத்துப்பட்டு கிராமத்தில் இருந்து வேலை தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். 1936 ஜூலை 30ந் தேதி சவானா மில் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு 12 தொழிலாளர்கள் பலியானார்கள். எட்டு மணி நேர வேலைக்கு ரத்தம் சிந்திய ஊர் என்று வருஷா வருஷம் மாலை போடுகிறோம். ஏ.எப்.டி. 2020ல் மூடப்பட்டது. சங்கு நின்றுவிட்டது. ஆனால் பக்கத்துத் தெருவில் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பவனுக்கு அந்த எட்டு மணி நேரக் கணக்கு பொருந்தாதா?

சட்டம் இருக்கு, ஆள் எங்கே?

வெளிமாநிலத் தொழிலாளருக்கு 1979ல் ஒரு சட்டம் வந்தது. காண்டிராக்டர் மூலம் வந்தவருக்குத்தான் அது பொருந்தும் என்று தப்பித்துக்கொண்டார்கள். அதற்குப் பதில் வந்த 2020 தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்கு வந்தது. தானாக வந்து வேலைக்குச் சேர்ந்தவரும் அதில் அடக்கம். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வர பயணப்படி உண்டு. நல்லது. ஆனால் இதைப் படித்துச் சொல்ல ஆள் யார்?

கட்டடத் தொழிலாளர் நலத் திட்டத்தில் சேர, ஒரு வருஷத்தில் 90 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். இவனும் 300 நாள் வேலை பார்க்கிறான். ஆனால் நாலு ஊரில், நாலு மேஸ்திரியிடம். எவன் கையெழுத்துப் போடுவான்? கட்டடம் எழும்புகிறது, அதற்கான வரியும் வசூலாகிறது. கட்டியவன் பேர் மட்டும் எந்த நோட்டிலும் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்க இவர்கள் நடந்து போனதை டி.வி.யில் பார்த்து "ஐயோ பாவம்" என்றோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. பயந்துபோன பலர் ரயில் ஏறினார்கள். அப்போது கைபிசைந்தவர்கள் யார்? ஆலை முதலாளியும் கட்டட முதலாளியும்தான். ஆள் இல்லாமல் வேலை நின்றால்தான் அவன் அருமை தெரிகிறது.

குற்றச் செய்தி எழுதுகிறவன் சொல்கிறேன்

வாடகைக்கு வந்தவர் விவரத்தைப் போலீசுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தத் தாள் சந்தேகப் பட்டியலாக மட்டும் இருக்கக் கூடாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும்போது செல்போனைப் பறிகொடுத்தவன் ஸ்டேஷனுக்குப் போகிறானா? போவதில்லை. பாஷை தெரியாது. "நீ யாரு, எங்க இருக்க?" என்று தன்னையே குடைவார்கள் என்று பயம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஊர் ஊராகப் போகிறவனுக்கு இதைவிடத் தேவையான சட்டம் எது? அவன் பாஷையில் எழுதி ஸ்டேஷன் வாசலில் ஒட்டினால் என்ன?

இன்னொரு ஆபத்து. சின்ன சிலிண்டரில் திருட்டுத்தனமாக கேஸ் நிரப்பி அறைக்குள் வைத்துச் சமைக்கிறார்கள். வெடித்தால் ஆறு பேரோடு போகாது, தெருவே போகும். முகவரிச் சான்று இல்லாமல், ஒரு அடையாள அட்டை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் சட்டப்படியே வாங்கலாம். வீட்டுக்காரர் இந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கேட்பது பெரிசு இல்லை. வீட்டுக்காரர்கள் வாடகைக்கு ரசீது கொடுக்கட்டும். அறைக்கு இத்தனை பேர்தான் என்று நகராட்சி கணக்குப் பார்க்கட்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து இ-ஷ்ரம் பதிவு செய்து தரட்டும். மேஸ்திரிகள் வேலை நாளை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற அண்ணன்கள், ஆள் பேரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த மாசம் அவன் ஹவுரா ரயிலிலோ புவனேஸ்வரம் ரயிலிலோ ஏறிப் போய்விடுவான். அவன் பூசிய சுவர் இங்கேதான் நிற்கும். அந்த வீட்டில் குடியிருக்கப் போவது நாம்தான்.

சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?