தோல் கால்சட்டையும் காஞ்சி வெயிலும்

கிழக்கே 2013 முதல் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் உற்பத்தியாகும் ஒரகடமும், மேற்கே தோல் பதனிடும் ராணிப்பேட்டையும் இருக்க, நடுவே வீற்றிருக்கும் காஞ்சிபுரத்து இளைஞர்கள் தோல் கால்சட்டைமீது மோகங்கொள்வதில் ஆச்சரியமில்லை. தார்ச்சாலையில் சறுக்கி விழுகையில் சருமத்தை ரக்ஷிப்பதில் கெட்டியான மாட்டுத்தோல் சிரேஷ்டமானதுதான். ஆயினும், அக்கினி நட்சத்திர உஷ்ணத்தில் தொடையோடு ஒட்டிக்கொண்டும், ஐப்பசி அடைமழையில் ஊறிப் பூஞ்சணம் பூத்தும் போகிற அவ்வுடை வருஷம் முழுவதும் உதவுமென்பது வீண் பிரமை. பின்புறம் திறந்த ‘சாப்ஸ்’ உறையோ, காற்றோட்டம் தருமேயன்றிப் பிருஷ்டத்தைக் காவாது. ஆகவே, முழங்காலிலும் இடுப்பிலும் காப்புப் பட்டை பொருந்திய வலைத்துணிக் கால்சட்டையை நித்திய உபயோகத்துக்கும், தோலை மார்கழி, தை மாதப் பிரயாணங்களுக்கும் வைத்துக்கொள்வதே விவேகம். பிள்ளையார்பாளையத்திலிருந்து வண்டியில் பட்டுச்சேலை கொண்டுசெல்பவர், அதைச் சுற்றும் துணியில் காட்டுகிற சிரத்தையில் பாதியேனும் தம் முழங்காலுக்குக் காட்டலாகாதா?